வீட்டை விட்டுப் போன பல்

லேத் பட்டறைக்காரரின் இரண்டாம் மனைவிக்குத் தாடை எலும்பில் திருகி வைத்த செயற்கைப் பல், நாலு வருஷத்தில் மூன்று முறை வீட்டை விட்டுப் போனது. முதல் தடவை ஜன்னல் விளிம்பில் அகப்பட்டது, அடுத்த தடவை வாசல் கதவுத் தாழ்ப்பாள் மேல். மூன்றாம் தடவை பஸ் நிறுத்தத்து பெஞ்சில், திருகாணி கீழே பல் மேலேயாகச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. காலையில் வாய் கொப்பளிக்கும்போதுதான் தெரியும். வலி இல்லை, சொட்டு ரத்தம் இல்லை, ஆள் காலி பண்ணிப் போன அறை மாதிரி குழி மட்டும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் புதுசாகத் தூக்கிவாரிப்போட்டது. பழகிவிடும் என்று ஆறுதல் சொன்னவர்கள் யாரும் பல்லைத் தேடி பஸ் நிறுத்தம்வரை போனவர்கள் இல்லை. பட்டறைக்காரர் திருகாணியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மரை சுத்தமாக இருக்கிறது, ஆணிமேல் தப்பில்லை என்று தொழில்முறையில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டில் அவளுக்குப் பெயரே "புதுசு". முதல் மனைவி இறந்து, இவள் வந்து இறங்கிய அன்றைக்கே அவள் அண்ணி என்று கூப்பிடும் பட்டறைக்காரரின் அக்கா வைத்த பெயர் அது. அப்புறம் வாங்கிய வாளி துருப்பிடித்துக் குப்பைக்கே போய்விட்டது, இவள் மட்டும் ஒன்பது வருஷமாகப் புதுசாகவே இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடித்த கடியில்தான் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. அந்த இடத்தில் செயற்கைப் பல் வைத்து வந்தபோது, "இனிமே நம்ம வீட்டுல ரெண்டு புதுசு" என்று அண்ணி சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவைத்தாள், வேறு என்ன செய்வது.

மூன்றாம் தடவை பட்டறைக்காரருக்கு வேலை நெருக்கடி, அக்காதான் துணைக்குப் போனார். பல் டாக்டர் கம்பியால் ஈறைச் சுற்றித் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் சிவந்து ரத்தம் கசிந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் எலும்பு மிச்சம் என்றும் சொன்னார். பிறகு நோயாளியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பேசினார்.

"பல்லுல ஒரு குறையும் இல்லம்மா. அதுக்கு நரம்பு கிடையாது, வலிச்சாலும் சொல்லாது. சுத்தி இருக்கிறதுதான் சரியில்ல."

அவர் சொன்னது ஈறைத்தான். அண்ணிக்கோ இடி விழுந்தது போலாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் புதுசு என்ற பெயர் வரவில்லை. இந்தாம்மா, இங்க பாரு என்று சுற்றி வளைத்தே காலம் தள்ளினார். எலும்பு ஆறி நாலாவது பல் உட்கார்ந்தது, ஐந்து மாதம் அசையாமல் இருந்தது. ஆனாலும் அவள் கட்டிலுக்கடியில் ஒரு பையில் நாலு துணி எடுத்து வைத்திருந்தாள். இதுவும் போனால் தானும் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு.

ஒருநாள் வந்த விருந்தாளி டீயை மெச்ச, அண்ணி வாய்தவறி, "எல்லாம் நம்ம புதுசு போட்டது" என்றுவிட்டார். சொன்ன வாயைப் பொத்திக்கொண்டும் பயனில்லை. மறுநாள் காலையில் குழி காலி. அவள் தேடவில்லை, அழவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ் வந்து நிற்கவும் அண்ணி ஓடிவரவும் சரியாக இருந்தது. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் தம்பியுடையது. கூப்பிட வாயெடுத்தார், "பு" உதடுவரை வந்தது, விழுங்கினார். அப்புறம் ஊரே திரும்பிப் பார்க்க, ஒன்பது வருஷமும் போக இன்னொரு ஐந்து வருஷமும் சொல்லாத அவள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அது தன் பெயர்தான் என்று அவளுக்கே ஒரு கணம் உறைக்கவில்லை. படியில் வைத்த காலை எடுத்தாள்.

"என்ன அண்ணி?"

நாக்கில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அண்ணி கிட்டே வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல் அதன் இடத்தில் இருந்தது, சுற்றிலும் ஈறு இளஞ்சிவப்பாக இறுகப் பிடித்திருந்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது. பையை அண்ணியே தூக்கிவந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் டாக்டரிடம் போகிறார்கள். அவர் கம்பியால் சுற்றித் தொட்டுப் பார்க்கிறார், ரத்தம் வருவதில்லை. அட்டையில் "வெளியே" என்று நாலு தடவை எழுதியிருப்பதற்குக் கீழே, தேதி போட்டு "வீட்டில்" என்று எழுதுகிறார்.