கூடை ரொம்ப அழகு

ஊரை விட்டுப் போகிறவர்களின் பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றுவது என் தொழில். அறுந்த ஜிப், உடைந்த கைப்பிடி, பிய்ந்த வார், எதுவானாலும் என் கடைக்குக் கொண்டுவரலாம். வருகிறவர்கள் அத்தனை பேரும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பார்கள். "நாளைக்கு ஃப்ளைட்டு அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்பார்கள். அந்த நேரத்தில் ஊரைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பல வருஷம் கழித்துத் திரும்பி வரும்போதுதான் ஊர் திடீரென்று அழகாகிவிடுகிறது. என் அண்ணனும் அப்படித்தான் வந்து இறங்கினான்.

வந்த மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல் தெருவில் நின்று போனைத் தூக்கிவிட்டான். கம்பத்தில் சிடுக்கு விழுந்து தொங்கும் வயர்களைப் படம் எடுத்தான். எதிர் மருந்துக் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு கீச்சிடுவதைப் பதிவு செய்தான். நடைபாதையில் பெயர்ந்து நிற்கும் கல் தடுக்கி விழப் பார்த்தான். நிமிர்ந்து அந்தக் கல்லையும் படம் எடுத்தான்.

"இந்தத் தெருவுக்குன்னே ஒரு வாசனை இருக்கு. நீ கவனிச்சிருக்கியா?" என்றான் கடைக்குள் வந்து.

"கவனிக்காம என்ன. அதுக்குத்தான் வருஷா வருஷம் புகார் கொடுக்குறேன். சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு."

"இங்கயே இருந்து உனக்குப் பழகிப்போச்சு. அதான் அருமை தெரியல."

குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற பரிதாபம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த பெட்டியின் கைப்பிடியை அழுத்தித் திருகினேன்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவைப் பார்த்த முன்னறை என் கடை. அதற்குப் பின்னால் சமையலறையும் நான் படுக்கிற அறையும். மாடியில் அம்மாவின் அறை, அதை ஒட்டிக் குளியலறை. மொத்த வீட்டுக்கும் அந்த ஒரு குளியலறைதான். அதனால் அம்மா மாடியில்தான் இருந்தாக வேண்டும். மாடிக்குப் போகக் கடை மூலையிலிருந்து ஒரு மரப்படிக்கட்டு. செங்குத்தானது. உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஏற வேண்டும், பாதியில் திரும்பும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

முட்டி இரண்டும் போன பிறகு அம்மா ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போக. நாற்காலியில் உட்காரவைத்து மருந்துக் கடைக்காரரும் இன்னொருவரும் தூக்கி வந்தார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்துச் சாய்ந்தது. வாசலில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. "அலமாரியத் தூக்குற மாதிரி தூக்கிட்டாங்க. இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்" என்றாள் அம்மா. அதோடு சரி. மூன்று வருஷமாகிறது, தெருவில் கால் வைக்கவில்லை.

கூடை வந்தது அதற்குப் பிறகுதான். மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கட்டி இறக்குவாள். மருந்துக் கடைக்காரர் மாத்திரையைப் போடுவார். பேப்பர்காரர் பேப்பரைப் போடுவார். கேட்டால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் கூடை இறங்கினால்தான் யாராவது அண்ணாந்து பார்த்து இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அம்மா கயிற்றைப் பிடித்திருக்கிறாள். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால் வயிறு எரியும்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். பின்பக்கச் சுவரை இடித்தால் அகலமாக, தாழ்வான படிகள் கட்டலாம், இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கலாம், அம்மா தானாகவே இறங்கி வரலாம் என்றார். ஆனால் வீட்டை அப்பா எங்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். சுவரில் கை வைக்க அண்ணன் சரி என்று சொல்ல வேண்டும். போனில் கேட்கும்போதெல்லாம், "நான் நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். வந்துவிட்டான், பார்த்தும்விட்டான்.

"பின்சுவரையா இடிக்கப்போற?" என்றான். சுவரின் மேல் உள்ளங்கையை வைத்து, நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நின்றான். "இந்த நீலத்தப் பாரு. உரிஞ்சு உரிஞ்சு உள்ள எத்தனை நிறம் தெரியுது. உலகத்துல எங்க தேடினாலும் இந்த நீலம் கிடைக்காது."

"அம்மா இறங்கணும், அண்ணா."

"இறங்கி எங்க போகப்போறாங்க? அவங்களுக்கு அந்த ஜன்னல்தான் உலகம். அந்தக் கூடையப் பாத்தியா நீ? நான் எத்தனை நாடு சுத்தியிருக்கேன், அவ்வளவு அழகா ஒண்ண நான் பாத்ததில்ல. படிக்கட்டு கட்டிட்டா அந்தக் கூடை போயிடும்."

"அங்க உன் வீடு எத்தனாவது மாடி?"

"நாலாவது. லிஃப்ட் இருக்கு" என்றான், கேள்வி எதற்கென்றே புரியாமல்.

நான் கடைக்குத் திரும்பிப் போனேன். வாயைத் திறந்தால் இருபது வருஷத்துக்கும் சேர்த்து வந்துவிடும்.

அதன் பிறகு கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு வீடியோ, மாலையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னணியில் ஒரு புல்லாங்குழல் சேர்த்துவிடுவான். அந்தப் புல்லாங்குழலில் அம்மா கயிற்றை இழுக்கும்போது மூச்சு வாங்குவது கேட்காது. போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "பாரு, எத்தனை பேர் பாத்திருக்காங்க" என்று காட்டுவான். இதுவும் போதாதென்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூடையில் எதையாவது வைத்துவிட்டு, அது மேலே போவதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். பிளாஸ்டிக் பூ, சாவிக்கொத்து, ஒரு தடவை கரடி பொம்மை. எண்பதை நெருங்கும் அம்மா கரடி பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? வந்தவர்களில் ஒருத்தர்கூட நின்று பேசவில்லை. அம்மா ஜன்னலில் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"ஏம்மா, முடியாதுன்னு சொல்லேன்" என்றேன் ஒரு நாள்.

"அவன் ஆசைப்படுறான். இருக்கப்போறதே கொஞ்ச நாள்" என்றாள். தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

திரும்பிக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அண்ணனுக்கு ஒரு யோசனை உதித்தது. கூடை பார்க்கிற மாதிரியே தெருவைப் பார்க்க வேண்டுமாம். போனைப் பதிவில் போட்டு, கூடையின் விளிம்பில் சாய்த்து நிற்கவைத்தான். மருந்துக் கடைக்காரர் தன் கடை தெரியவேண்டும் என்று ஒரு பக்கம் நகர்ந்து நின்றார்.

"அம்மா, மெதுவா இழுங்க. ஆடக் கூடாது."

அம்மா மெதுவாக இழுத்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு விட்டாள், மறுபடி இழுத்தாள். கூடை ஜன்னலுக்குப் போனது. போனை எடுத்தாள். காலிக் கூடையை வெளியே விட்டுக் கயிற்றைக் கம்பியில் கட்டினாள்.

"நல்லா வந்திருக்கும். இப்ப போன இறக்குங்கம்மா."

"நான் இறங்கி வந்து தரேன்" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்தான். மருந்துக் கடைக்காரரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்கம்மா. நான் மேல வந்து வாங்கிக்கிறேன்."

"கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கு. உன் தங்கச்சிக்கு மட்டும் திறப்பேன். அவளும் போனுக்காக வந்தா அவளுக்கும் திறக்க மாட்டேன்." அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவே இல்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "கைல கொண்டுவந்து தரேண்டா. நான் வர்றதுக்கு வழி பண்ணு."

"அந்தச் சுவத்த இடிக்கணும்மா. அந்த நீலம்..."

"அது பொதுக் கழிப்பறைக்கு அடிச்சு மிஞ்சின பெயிண்ட். சும்மா கிடைச்சுதுன்னு உங்க அப்பா தூக்கிட்டு வந்தாரு. எனக்கு அன்னைக்கே பிடிக்கல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மருந்துக் கடைக்காரர் சட்டென்று திரும்பி அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார். அவர் முதுகு குலுங்கியது. எனக்கு இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கூடவே ஒரு குத்தலும் இருந்தது. படிக்கட்டுக்காக நானும் அண்ணனும் மல்லுக்கு நின்றோமே தவிர, அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று மாலை வரைக்கும் அண்ணன் வீம்பாக இருந்தான். அவன் டிக்கெட் அந்தப் போனில், பணம் அதில், வேலை அதில், மனைவியின் நம்பர்கூட அதில்தான். யாரிடமும் அந்த நம்பரைச் சொல்லத் தெரியாமல் முழித்தான். மூடிய அறைக்கதவுக்கு வெளியே, அந்தச் செங்குத்துப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கெஞ்சினான். இறங்கும்போது திருப்பத்தில் கை நழுவி, நாலு படி சறுக்கி வந்து என் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தான். அடி ஒன்றும் இல்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "இங்க பிடிக்க ஒண்ணுமே இல்லையே" என்றான்.

"இல்ல" என்றேன்.

"கொத்தனார வரச் சொல்லு."

வேலை நடந்த நாட்களில் அண்ணனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. போன் இல்லாமல் ஊர் அவனுக்கு மறுபடியும் வெறும் ஊராகிவிட்டது. வயர்களைப் பார்த்தால் வயர்தான் தெரிந்தது. சாக்கடையைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டான். வேறு போக்கிடம் இல்லாததால் செங்கல் தூக்கினான், மணல் சலித்தான். கொத்தனார் அவனை ஒரு கூலி ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு அதட்டினார். நீலச் சுவர் விழுந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்றான். ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனவன், என் பார்வையைக் கவனித்துவிட்டுக் குப்பையில் போட்டான்.

படி காய்ந்த பிறகு ஒரு காலை அம்மா இறங்கினாள். யாரும் தொடக் கூடாது என்றாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, அடுத்த படி. அண்ணன் கீழே இரண்டு கையையும் நீட்டியபடி நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில். எனக்குத் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசிப் படியில் நின்று அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். அது என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அவன் அதைப் பார்க்காமலே பையில் போட்டான்.

பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி முன்தெருவுக்கு வந்தோம். மருந்துக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து நின்றார். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நீங்க இவ்வளவு உயரம்னு மறந்தே போச்சு. மேலேருந்து உங்க வழுக்கதான் தெரியும்" என்றாள். நடுத்தெருவில் நின்று நிதானமாகச் சுற்றிலும் பார்த்தாள். பெயர்ந்த கல்லைச் செருப்பால் தட்டினாள். ஷட்டரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அண்ணாந்து எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தாள். அங்கே காலிக் கூடை கயிற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சாய்வான வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கீழே நின்னு பாத்தா அழகாத்தான்டா இருக்கு" என்றாள் அம்மா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலிலிருந்து தெரியாத தெருமுனையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.