மேரி என்று பெயர் மாற்றப்பட்டவர்

ஒருவரை ஆராய்ந்தால் அவர் பெயரை மாற்றிவிட வேண்டும், விஷயத்தை விளக்கிச் சொல்லி அவர் சம்மதத்தை வாங்க வேண்டும். சமூகவியல் வகுப்பில் முதல் மாதமே இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நானும் என் தோழி பிப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டோம். இரண்டாவது பாதியை அவள் எழுதினாளா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை தோறும் அவள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். அவள் அப்பா டாக்டர், வீட்டில் தோட்டமே இரண்டு. ஆனாலும் அம்மா பொரிக்கும் முட்டையும் சிப்ஸும்தான் எங்கள் கிரிம்ஸ்பி ஊரிலேயே சிறந்தது என்பாள். நான் உச்சி குளிர்ந்துபோனேன். அந்தக் குளிரில்தான் ஒருநாள் பஸ்ஸில் உளறிவிட்டேன்: என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை எழுதுவாள், அவ்வளவுதான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஐயோ, ஹெட்டி! செத்தாலும் சொல்ல மாட்டேன்டி," என்றாள் பிப்பா.

அம்மா எங்கள் பள்ளி கேன்டீனில்தான் பரிமாறுகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் அந்த ரகசியம் எனக்கு உயிர்.

போன செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காகச் செய்த தனி ஆய்வை எல்லாரும் வகுப்பின் முன் பேசிக் காட்ட வேண்டியிருந்தது. பிப்பா எழுந்து நின்றாள். திரையில் தலைப்பு வந்தது: 'எழுத்தறியாத தாய்: ஒரு குடும்பத்தை உள்ளிருந்து கவனித்தது.'

"இவங்கள மேரின்னு வச்சுக்குவோம்," என்று ஆரம்பித்தாள். "வயசு நாப்பத்தாறு. உணவுக்கூடத்துல வேலை. மெனு போர்டுல எழுதச் சொன்னா, 'கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன் கண்ணு, நீயே எழுதிடேன்'னு சொல்லிச் சமாளிப்பாங்க."

பின் வரிசையில் ஜோனா நிமிர்ந்தான். அதற்கு முந்தின வாரம் அந்தப் போர்டை எழுதிக்கொடுத்தவனே அவன்தான். அவன் பார்வை திரையிலிருந்து என் மேல் வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பெயரை மாற்றினால் ஆளே மறைந்துவிடுவாள் என்று நினைத்திருக்கிறாள் அந்தப் புத்திசாலி! எனக்கு அழுகை வரவில்லை, அவள் குடுமியைப் பிடித்து ஆட்டலாம் போலிருந்தது.

"கேள்வி இருக்கா?" என்றார் எங்கள் ஆசிரியை மிஸ் ஆர்க்ரைட்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு யாரோ என்று சிலராவது நம்புவார்கள். கேட்டால் நானே ஒப்புக்கொண்ட மாதிரி. கேட்டேன்.

"சம்மதம் வாங்கினியா?"

"வாங்காம செய்வேனா?" என்று அடுத்த படத்தைத் தட்டினாள். சம்மதப் படிவம். கீழே கையெழுத்தின் மேல் கறுப்புப் பட்டை.

"படிக்கத் தெரியாதவங்ககிட்ட காகிதத்த நீட்டினியே, அதுல என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டினியா?"

பிப்பா மிஸ்ஸைப் பார்த்தாள், பிறகு என்னை. "அவங்க கேக்கலையேடி," என்றாள்.

அம்மா எப்படிக் கேட்பாள்? கேட்டால் படிக்கத் தெரியாதது தெரிந்துவிடுமே. அது இவளுக்குத் தெரியும். அவள் ஆய்வின் நான்காம் பக்கமே அதுதான்.

மிஸ் அவளை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு எங்களை அனுப்பினார். சாப்பாட்டு நேரம். நான் ஓடிப் போவதற்குள் கேன்டீனில் வரிசை சேர்ந்துவிட்டது. ஜோனா போர்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். கிண்டலா, உதவியா, அவன் முகத்தில் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவளும் அப்படியே படித்தாள்.

அம்மா என் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தாள்.

"பிப்பா நல்லாப் பேசினாளா கண்ணு? நம்ம வீட்டுக்கு வந்து போற நல்ல பொண்ணுன்னு எழுதியிருக்குன்னு அவ நீட்டின காகிதத்துல நான்கூட கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆமா, இன்னிக்கு ஏன் எல்லாரும் போர்ட சத்தமா படிக்கிறாங்க?"