தீவுக்கு முன்னால் வரும் இருமல்

கணக்கு டீச்சருக்கு வாய்த்தவர் பல் டாக்டர். பல் டாக்டருக்கு வாய்த்தது ஒரு குட்டி விமானம். நாலு சீட்டு, ஒரே இஞ்சின், ஊர் கொள்ளாத பெருமை. அதை வாங்கும்போது அவர் மனைவியிடம் சொன்ன காரணம், "உங்கப்பா வீட்டுக்கு வாராவாரம் போயிட்டு வரலாம்." மாமனார் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் தனியாக இருந்தார். வாரங்கள் ஓடினவே தவிர, விமானம் அந்தத் தீவில் ஒருமுறைகூட இறங்கவில்லை.

இருமல்தான் காரணம். தரையில் இஞ்சின் சமர்த்தாக ஓடும். கரையைத் தாண்டும்போதும் சமர்த்துதான். தீவின் மரங்கள் கண்ணில் படும் நேரம் பார்த்து டாக்டர் தலையைச் சாய்ப்பார்.

"கேட்டியா? இருமுது."

டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அவளுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அதற்குள் விமானம் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். திரும்பியதும் இருமல் நின்றுவிடும். டாக்டர் பாட்டுகூட முணுமுணுப்பார்.

இறங்கியதும் விமானக் கொட்டகையில் கூட்டம் கூடும். நோயாளி ஒன்று, வைத்தியர் ஒரு டஜன். விமானக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தன் விமானத்துக்குக் கடைசியாக என்ன நோய் வந்ததோ, அதையே அடுத்தவன் விமானத்துக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் "பிளக் போயிடுச்சு" என்றார். வக்கீல், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோதான் என்று வாதாடினார். ஜவுளிக்கடைக்காரர் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "கார்புரேட்டர், எழுதி வெச்சுக்கோங்க" என்றார். டாக்டர் மூன்று பேருக்கும் தலையாட்டினார். மருத்துவமனையில் அவரே சொல்லிச் சிரிப்பார்: "வலிக்குதுன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கும். பயந்தான் வலி." அந்த ஞானத்தை அவர் கொட்டகைக்குள் கொண்டுவருவதில்லை.

கிளப் மெக்கானிக்குக்கு என்று ஒரு வழிமுறை இருந்தது. ஒன்றை மட்டும் மாற்று, ஓட்டிப் பார், கோளாறு போகவில்லையா, அடுத்ததை மாற்று. பிளக்குகளை மாற்றினார். இருமியது. மேக்னெட்டோவை மாற்றினார். இருமியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மரங்கள் தெரிந்ததும் இருமியது.

இதற்கிடையே அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. "கண் டாக்டர் கைய விரிச்சுட்டார்மா. முகம் தெரியறப்பவே ஒரு தடவ வந்துட்டுப் போயிடு" என்றார் ஃபோனில். டீச்சர் படகில் போகிறேன் என்றாள்.

"சொந்தமா விமானம் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி படகுல போறதா? கிளப்புல சிரிப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமை சரியாயிடும்" என்றார் டாக்டர்.

அவளும் நம்பினாள். ஆசிரியர் அறையில் அந்த விமானத்தைப் பற்றி அவளும் கொஞ்சம் அளந்து வைத்திருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு வந்தது, மரங்கள் வந்தன, இருமல் வந்தது.

மறுநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பேனா நின்றது. எரிச்சலில் முகம் சிவந்துவிட்டது. பள்ளி முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள்.

"நடுவழியில இஞ்சின் கெட்டா கிட்ட இருக்கற கரைக்குப் போவாங்களா, தூரத்துல இருக்கற கரைக்குப் போவாங்களா?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "கிட்ட இருக்கறதுக்குத்தான் டீச்சர்."

"இவர் தீவு வாசல் வரைக்கும் போயிட்டு, மொத்தக் கடலையும் மறுபடி தாண்டி வீட்டுக்கு வராரே. கேட்டா தீவுல மெக்கானிக் இல்லங்கறார்."

"அந்தத் தீவுல ஓடுபாதை ரொம்பக் குட்டை. கடல்ல ஆரம்பிச்சு கடல்ல முடியும். நம்ம கிளப்புலயே பல பேர் அங்க இறங்க மாட்டாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "நான் எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன். ஓட்டறவர மட்டுந்தான் மாத்தல."

அடுத்த ஞாயிறு ஓட்டுபவரை மாற்றினாள் டீச்சர். கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் மேடம் முன் சீட்டில் உட்கார்ந்தாள், பக்கத்தில் டீச்சர். "என் வண்டி, நான் இல்லாமலா?" என்று டாக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். மரங்கள் தெரிந்தன.

"இருமுது" என்றார் டாக்டர். "திருப்பிடுங்க."

"இருமினா சீக்கிரம் இறங்கிடறதுதான் நல்லது டாக்டர்" என்றாள் மேடம். "கரைதான் இதோ இருக்கே."

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கண்களை இறுக மூடியிருந்தார். முன் சீட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மனிதருக்குப் பயம், அவ்வளவுதான். பயமாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்றைக்கோ படகில் போயிருப்பாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வாயில்லாத இஞ்சினைப் படுக்கவைத்து இத்தனை அறுவை சிகிச்சையா? அவளுக்கு வந்த கோபத்தில் பரிதாபத்துக்கு இடமில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது. ஓடுபாதையில் இடம் மிச்சமிருக்கும்போதே விமானம் நின்றது.

வேலியோரம் அப்பா கம்பை ஊன்றி நின்றிருந்தார். டீச்சர் ஓடிப்போய் எதிரில் நின்றாள். அவர் முகம் இன்னும் விமானத்தின் பக்கமே இருந்தது. "அப்பா" என்றதும் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தேடினார். விரல்கள் மூக்கின் மேல் நின்றன.

"கண்ணாடி போட்டுட்டியா? எப்பலேர்ந்து?"

"உங்களுக்குத் தெரியலயாப்பா?"

"போன ஞாயித்துக்கிழமைகூட எல்லாம் நிழலாட்டம் தெரிஞ்சுதும்மா. இப்ப அதுவும் இல்ல."

பின்னாலேயே வந்த டாக்டர் குரலைக் கனைத்துக்கொண்டார். "எப்பவோ வந்திருப்போம் மாமா. இஞ்சின்ல ஒரு கோளாறு. பாதில இருமும்."

"அப்படியா மாப்ள?" அப்பாவின் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "கிளம்பிட்டோம்னு இவ ஃபோன் பண்ணினதும் நான் இங்க வந்து நின்னுடுவேன். சத்தம் நல்லாக் கிட்ட வரும். அப்புறம் தூரமாப் போயிடும். வரும்போதும் போகும்போதும் ஒரே சீராத்தான் இருக்கும். ஒரு தடவகூட இருமி நான் கேக்கலயே."

டீச்சர் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?" என்றாள்.