பூட்டிய ஃபோல்டர்

“இந்த வீட்டில் இனி ஒளிவுமறைவே கிடையாது” என்று முழங்கிவிட்டு, கணக்கு டீச்சரின் கணவர் வீட்டுக் கம்ப்யூட்டர்களை எல்லாம் வைஃபையில் இணைத்தார். பாஸ்வேர்டு கேட்காத பொது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, டீச்சரின் ஃபைல்களையும் அதில் கொட்டினார். அன்று முழுக்க, நாட்டுக்கே விடுதலை வாங்கித் தந்தவர்போல நடந்தார்.

மறுநாள் மகனோடு விளையாட வந்த, டீச்சரிடம் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன்களும் அதே வைஃபையில்தான் இருந்தார்கள். கிளம்பும்போது ஒருவன் வெள்ளந்தியாகக் கேட்டான்: “டீச்சர், நாளைக்குப் பரீட்சையில அஞ்சாவது கேள்வி மட்டும் புரியல.”

டீச்சர் நேராகக் கணவரிடம் போனார்.

“என் கேள்வித்தாளை யாரைக் கேட்டு அதுல போட்டீங்க?”

“குடும்பத்துக்குள்ள என்னம்மா ரகசியம்?”

“பத்தாம் வகுப்பு மொத்தமும் உங்க குடும்பமா? என் வேலை போனா ஹெட்மாஸ்டர் முன்னாடி நீங்க வந்து நிப்பீங்களா?”

டீச்சர் கம்ப்யூட்டரைத் துழாவினார். ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பூட்டு.

“இது என்ன?”

“அது... என் கவிதைங்க.”

“கூப்பிட்டு உக்கார வெச்சாலும் ஒருத்தன் படிக்க மாட்டான், இதுக்குப் பூட்டா? காலி பண்ணுங்க. ராத்திரிக்குள்ள புதுக் கேள்வித்தாள் எழுதணும். அது இங்கதான் இருக்கும். பாஸ்வேர்டு நான் போடுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.”

கவிஞர் திரும்பிக்கொண்டார்.