மறதி என்று எழுதுங்கள்

இப்போதெல்லாம் முடியாது என்பதை முடியாது என்று சொல்ல எவனுக்கும் வாய் வருவதில்லை. மூஞ்சிக்கு நேரே சொன்னால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வழவழவென்று பேசி, கடைசியில் கழுத்தை அறுக்கிறார்கள்.

வழிபாட்டு மன்றத்தின் செயலாளரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

“கொள்கையளவில் எங்களுக்கு மறுப்பே இல்லங்க ஐயா.”

“கொள்கையளவுன்னா எந்த அளவு தம்பி? இடுப்பளவா, தோளளவா?” என்றார் தையல்காரர். ஐம்பது வருடம் டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டு வாழ்ந்தவருக்கு வேறு அளவு தெரியாது.

அவருடைய தங்கச்சி காலையில் இறந்துவிட்டாள். மன்றத்து இடுகாட்டில், புருஷன் பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாள். கடைசியாக அவள் கேட்டது அது ஒன்றுதான். மாலைக்குள் குழி வெட்ட அனுமதி வேண்டும். அதற்காகத்தான் தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சிக்கல் ஒரே ஒரு வரியில். வாராவாரம் மன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஒப்பிக்கும் பாடத்தில், ‘உறுதிமொழி எடுக்காமல் இறந்தவர்க்குக் கதியில்லை’ என்று வரும். உறுதிமொழி எடுப்பது ஏழு வயதில். தங்கச்சியின் மூத்த பிள்ளை மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரிக்கு மறுபடி சேர்ந்துகொள்வாள். முப்பது வருடம். பக்கத்தில் நின்றவள் எவளோ போட்டுக் கொடுத்துவிட்டாள்.

“நம்பிக்கை கொறஞ்சா பரவாயில்லங்க. அது மனசு சம்பந்தப்பட்டது, கூடும், கொறையும். விதிய மீறினாக்கூட தளர்த்தறதுக்குக் கமிட்டி இருக்கு. ஆனா இது கோட்பாடு. மன்றம் போதிக்கிறது. இத மறுத்தா மன்றத்தையே மறுத்த மாதிரி.”

“எல்லாம் ஒரே துணிதான். நீங்க சாயம் மாத்தி விக்கிறீங்க.”

“அப்படி இல்லங்க. தத்துவம்னா யார் வேணா கேள்வி கேக்கலாம். கோட்பாட்ட…”

“கேக்கக் கூடாது. சரி, அவ கேட்டாளா? வாயத் தொறக்கவே இல்லியே. பெத்த பிள்ளைக்குக் கதியில்லன்னு ஒருத்தி தன் வாயால சொல்லணுமா? உங்க பிள்ளைய நெனச்சுக்கிட்டு நீங்க ஒரு தடவ சொல்லுங்க, பாப்போம்.”

செயலாளர் மேசை மேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நகர்த்தினார்.

“ஒரு வழி இருக்கு. அந்த வரி அம்மாவுக்கு ஞாபகத்துல நிக்கலன்னு எழுதிக் குடுங்க. மறதி மறுப்பாகாது. இப்பவே வெட்டச் சொல்லிடறேன்.”

தையல்காரருக்குக் காது வரை சுட்டது.

“அவளுக்கா மறதி? நான் பத்து வயசுல தெச்ச மொத சட்டைல எந்தப் பட்டன் காஜா கோணல்னு போன வாரம் சொல்லிச் சிரிச்சவ அவ.”

“மாமா,” என்றாள் தங்கச்சி மகள், “எழுதிடலாம் மாமா. அம்மா அங்க கெடக்குது. அப்பாகிட்டப் போய்ச் சேரட்டும்.”

“முப்பது வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னவள மறதிக்காரின்னு நான் எழுதணுமா?”

“நீங்க எழுத வேணாம். மக நான் இருக்கேன்.”

செயலாளர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் எழுதினாள். கண்ணீர் விழுந்து ஒரு எழுத்து ஊறியது. அதன் மேலேயே மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் தையல்காரருக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் தாளை மடித்துக் கோப்பில் வைத்தவர் மேல்தான்.

“பாத்தீங்களா ஐயா, கோட்பாடு யாருக்கும் எதிரி இல்ல. சரியாப் புரிஞ்சுக்கிட்டாப் போதும்.”

“எனக்குப் புரியல தம்பி. செத்தவ பேர்ல பொய் வாங்கிக்கிட்டு உள்ள விடுறதுக்கு உங்ககிட்ட ஒரு பேர் இருக்கும். அதையும் எழுதி வைங்க.”

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மாமா, நில்லுங்க, சேந்து போவோம்.”

அவர் திரும்பவில்லை. படி இறங்கித் தெருவில் நடந்தார். மறதியாம். எதிரே வந்த இரண்டு பேர் அவரைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிக்கொண்டு போனார் போலிருக்கிறது.