மருமகனுக்குச் சொல்லுங்க

மாரி பிறந்தால் சாய்ந்தமருதில் மற்றவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அச்சிமுகம்மது தன் மனைவியின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பார். இரண்டு நாள் மழை விடாமல் பெய்தால் போதும், முனவ்வறாவுக்கு இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். ஒரு வசனத்தை மூன்று துண்டாக உடைத்துத்தான் சொல்ல முடியும். அப்படி உடைத்தாவது சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பாளே தவிர, பாதியில் விடுகிற பிறவி அல்ல அவள்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு அச்சிமுகம்மது ஒரு பழைய மொறிஸ் மைனர் காரை வாங்கினார். ஊர் சிரித்தது. பென்சன் எடுத்தவன் வயல் வாங்குவான், மாடு வாங்குவான், இந்த மனிசன் இரும்பை வாங்கியிருக்கிறாரே என்று. அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மார்கழி பிறக்குமுன் முனவ்வறாவை முன் ஆசனத்தில் ஏற்றி, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று சுற்றி அம்பாந்தோட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே உப்பளக் காற்று, காய்ந்த வெயில். முன்பு அவரோடு பஸ் ஓட்டிய ஒரு மலாய்க்காரரின் வீட்டில் ஓர் அறை. ஒரு கிழமைக்குள் அவளுடைய விசில் நின்றுவிடும். மாசியில் ஊர் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள். இப்படி எட்டு மாரி போனது.

ஒன்பதாவது மாரியில், எழுபத்தெட்டில், சூறாவளி வந்தது. றோட்டெல்லாம் மரம். போக வழியில்லை. அந்த மூன்று மாதமும் முனவ்வறா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, இருந்தபடியே உறங்கினாள். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். இரண்டாவது தரம், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீனையும் பக்கத்தில் இருந்து ஓதினார்கள். இன்னொரு மாரியை அவள் ஊரில் தாங்கமாட்டாள் என்பது டொக்டர் சொல்லாமலே அச்சிமுகம்மதுக்குத் தெரியும்.

அது தெரிந்தும், அடுத்த ஐப்பசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டு நின்றார் மனிதர். முறிவு பார்க்கிற பரியாரி வந்து பத்துப் போட்டுக் கட்டினார். மூன்று மாதம் கையை அசைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே காரை ஓட்ட றஸாக் வந்தான். மகள் ஹாஜறாவின் புருஷன், பள்ளிக்கூட வாத்தியார். லைசன் எடுத்து இரண்டு வருஷம்தான். அக்கரைப்பற்றுக்கு அப்பால் ஓட்டியதே இல்லை. நல்ல பிள்ளை, ஆனால் பயந்த பிள்ளை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக றஸாக் அந்த வீட்டில்தான் இருக்கிறான். முனவ்வறா அவனுக்குச் சமைத்தாள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். ஆனால் ஒரு சொல் நேரே சொன்னதில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாவிட்டால் முக்காட்டை இழுத்துவிட்டு, முற்றத்துக் கோழியைப் பார்த்து, “சோறு மூடிக் கிடக்கு” என்பாள். கோழிக்கு விளங்காவிட்டாலும் றஸாக்குக்கு விளங்கிவிடும்.

காரில் கோழி இல்லை. அச்சிமுகம்மதுதான் இருந்தார்.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். பொத்துவில் தாண்டிக் காட்டுப் பாதையில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பின் ஆசனத்திலிருந்து முனவ்வறாவின் குரல் வந்தது.

“இஞ்சாருங்க... மருமகனுக்குச் சொல்லுங்க... அந்த வளைவுக்குள்ள... பெரிய பள்ளம்.”

“மகன், அந்த வளைவுக்குள்ள...” என்று அச்சிமுகம்மது தொடங்குவதற்குள் கார் பள்ளத்தில் விழுந்து எழும்பியது. மூன்று பேருடைய தலையும் கூரையில் இடித்தது.

“மருமகனுக்குச் சொல்லுங்க... பள்ளம் போயிற்று எண்டு.”

றஸாக் சிரிப்பை விழுங்கினான். அச்சிமுகம்மதுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே பாலம் ஒடுங்குகிறது, எந்த மேட்டில் கியரை இறக்க வேண்டும், எந்த இடத்தில் யானை கடக்கும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எட்டு வருஷமும் அவள் பக்கத்தில் இருந்து அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் திக்ர் ஓதுகிறாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்!

பத்து மணியளவில் ஒரு தாழ்ந்த சப்பாத்துப் பாலத்துக்கு முன்னால் கார் நின்றது. ஆறு பாலத்துக்கு மேலால் கலங்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நட்ட கொங்கிறீட்டுக் கட்டைகளின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. அக்கரையில் ஒரு லொறி காத்து நின்றது.

“மாமா, என்ன செய்யிற?” றஸாக் மாமாவின் பக்கம் திரும்பினான்.

“திருப்பு மகன். வீட்ட போவம்.”

திரும்பினால் இந்த மாரிக்கு இனிப் பயணம் இல்லை. மலையில் மழை வலுக்கிறது, நாளைக்குத் தண்ணீர் இன்னும் ஏறும். அது காரில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

“இஞ்சாருங்க,” என்றாள் முனவ்வறா. “கட்டைத்தல தெரியிது... ஒரு சாண் தெரியிது. போகலாம் எண்டு... மருமகனுக்குச் சொல்லுங்க.”

கட்டைத்தலை தெரிந்தால் போகலாம், தெரியாவிட்டால் நிற்க வேண்டும். அது அச்சிமுகம்மது தாமே போட்ட சட்டம். ஒரு சாண் தெரிவது அவர் கண்ணுக்கும் பட்டது. ஆனாலும் அவர் பார்வை பத்துப் போட்ட கையில் போய் நின்றது.

“சொல்ல ஏலா.”

“ஏன்?”

“ஏலா எண்டா ஏலா. நீ திருப்பு மகன்.”

றஸாக் உயிர் வந்தவனாய் றிவர்ஸ் கியரைத் தேடினான். பின்னால் ஒரு நீண்ட மூச்சு விசிலடித்து உள்ளே போனது.

“மகன், நிப்பாட்டுங்க.”

அது யாருடைய குரல் என்று றஸாக்குக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கியரில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அச்சிமுகம்மது திரும்பிப் பார்த்தார். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. முனவ்வறா மருமகனின் முகத்தைக் கண்ணாடியில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கிக்குள்ள சாக்கு கிடக்கு... முன்னுக்குக் கட்டுங்க. ஃபான் பெல்ட்டக் கழட்டுங்க... தண்ணி அடிச்சா எஞ்சின் நிண்டிரும்.”

அவன் இறங்கினான். சொன்னபடி செய்தான். மழையில் நனைந்து வந்து மறுபடி ஏறினான்.

“ஒண்டாங் கியர். பிஸ்மில்லாஹ் சொல்லி... எடுங்க. இனி கியர் மாத்த வாணாம்... கால எடுக்க வாணாம்.”

கார் தண்ணீரில் இறங்கியது. சில்லு மறைந்தது. கதவிடுக்கால் தண்ணீர் புகுந்து காலடியில் ஓடியது. நடுப்பாலத்தில் றஸாக்கின் கண் ஓடுகிற தண்ணீரோடு இழுபட, கார் மெல்லக் கட்டைப் பக்கம் சாய்ந்தது.

“தண்ணியப் பார்க்காதீங்க மகன்! அங்கால... அந்த மருத மரத்தப் பாருங்க. அதையே பாருங்க. மிதிங்க!”

மிதித்தான்.

இதெல்லாம் அச்சிமுகம்மது ஸ்டியறிங்கைப் பிடித்தபடி தமக்குத் தாமே முணுமுணுத்த சொற்கள். ஒன்று விடாமல் பொறுக்கி வைத்திருக்கிறாள். முப்பது வருஷத்தில் எத்தனையோ சாரதிகளைக் கண்டவர் அவர். மூச்சுக்கு மூச்சு திணறிக்கொண்டு, குரல் நடுங்காமல், பின் ஆசனத்தில் இருந்து ஆற்றைக் கடக்கிற ஆளை அன்றைக்குத்தான் கண்டார். அல்லாஹ் தனக்குத் தந்த பெண்ணின் அருமை முழுவதும் அந்த அரை நிமிஷத்தில் அவருக்கு விளங்கியது.

அக்கரையில் ஏறியதும் லொறிக்காரன் கையை உயர்த்திக் கூவினான். றஸாக் இறங்கி லொறிக்காரனுக்குக் கை காட்டினான். பிறகு சாக்கை அவிழ்த்து, பெல்ட்டை மாட்டத் தொடங்கினான். காருக்குள் இரண்டு பேரும் தனியே இருந்தார்கள்.

“முனவ்வறா,” என்றார் அச்சிமுகம்மது, திரும்பிப் பார்க்காமலே. “நடு ஆத்துக்குள்ள கார் நிண்டா... உன்னத் தூக்கிக் கரை சேர்க்க எனக்குக் கை இல்ல புள்ள. அதுதான் சொல்லல்ல.”

அவள் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள்.

“போன மாரிக்கு... ஒங்களுக்கு ரெண்டு கையும் இருந்திச்சி. என்ன செய்ய ஏலுமா இருந்திச்சி?”

அவருக்குக் கண் கலங்கியது. பத்துப் போட்ட கையைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவருடைய தோளில் இருந்தது. மொனராகலை வருமட்டும் அது அங்கேயே இருந்தது.

வெல்லவாயச் சந்தியை அடைந்தபோது மழையும் இல்லை, மப்பும் இல்லை. றோட்டில் வெயில் காய்ந்து கிடந்தது. றஸாக் காரை ஓரமாக நிறுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, அவனும் தன் வாழ்நாளில் முதல் தடவையாக மாமியிடம் நேரே கேட்டான்.

“மாமி, இனி எந்தப் பக்கம்?”

முனவ்வறா முக்காட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இஞ்சாருங்க, இடப்பக்கம் திருப்பி நேர போனா அம்பாந்தோட்டதான் எண்டு மருமகனுக்குச் சொல்லுங்க.”

அச்சிமுகம்மது வாயைத் திறந்தார். அப்போதுதான் கவனித்தார். அவள் அந்த வசனத்தை எங்கும் உடைக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தாள்.