மேனேஜரின் கொண்டையில் நீல மருந்து

1

இந்தக் கதை என் கைத்தவறில் தொடங்கியது. ஒரு கோழியின் கொண்டையில் சின்னக் காயம். அதற்குச் சிவப்பு மருந்து போட்டேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். தவறு கண்ட இடத்தில் சிவப்பு வைப்பது கைப்பழக்கம். அலமாரியில் கைக்கு வந்த புட்டியும் சிவப்பாக இருந்தது. பஞ்சில் தொட்டு வைத்து, என்னுடைய மூன்று கோழிகளோடு அதை விட்டேன். அவை ஓடிவந்து அந்தச் சிவப்பிலேயே கொத்தின. கடுகளவு இருந்த காயம், கொண்டை முனை கிழிந்து தொங்குமளவுக்குப் போய்விட்டது.

காயம்பட்ட கோழி அக்காவுடையது. பெயர் மேனேஜர். மற்றவை மண்ணைக் கிளறும்போது இது நின்று மேற்பார்வை பார்க்கும்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘கொல்லைப்புறம் அமைதியாக இருந்தது.’ பொய். கோழி இருக்கும் கொல்லையில் ஏது அமைதி?

‘கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். ஆனால் கோழி கொத்திக் கோழி’ [பழமொழியில் ஏறிக்கொண்டால் இறங்க முடியாது. நிறுத்திவிட்டேன்.]

‘கணவர் வீட்டிலிருந்து அக்கா ஒரு பெட்டியோடும் ஒரு கோழியோடும் வந்து இறங்கினாள்.’ இது நல்ல வரி. உண்மையும்கூட. அதனால்தான் இதைத் தொடங்க விடாமல் இங்கே நடுவில் ஒளித்திருக்கிறேன்.

கொண்டை கிழிந்ததைப் பார்த்ததும் அக்கா சொன்னாள்: “இது இங்க ஒட்டலன்னா சொல்லிடுடா. நாங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்குறோம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3

கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“என்ன போட்டீங்க?”

“சிவப்பு மருந்து, டாக்டர்.”



“எரியிற நெருப்புல எண்ணெய ஊத்திட்டீங்களே சார். சிவப்பக் கண்டா கோழிக்குக் கை சும்மா இருக்காது.”

“கையா?”

“மூக்குன்னு வச்சுக்குங்க. இப்ப அதுவா முக்கியம்? நல்லாக் கழுவி நீல மருந்து போடுங்க. காயமும் ஆறும், சிவப்பும் தெரியாது. கொஞ்ச நாள் தனிக் கூண்டுல வைங்க. ஆனா மத்ததுங்க கண்ணுல படுற மாதிரி வைங்க. மறைச்சு வச்சா, திரும்ப விடும்போது யாரோ புதுசா வந்திருக்குன்னு அடிக்கும்.”

மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்தாள்.

“மெதுவாப் புடிடா. கோழியா, எலுமிச்சம்பழமா?”

“துள்ளுதுக்கா.”

“உன்ன இப்படிச் சுத்தி வச்சா நீ துள்ள மாட்டியா?”

அப்போது மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.*

“என்னம்மா, இன்னும் ஊருக்குக் கெளம்பலையா? மாப்பிள்ளை தேடப்போறாரு.”

அக்கா நிமிரவில்லை. ரத்தம் நின்ற பிறகும் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். தலை இறங்கியதும், கோழியின் கண்ணில் படாமல் நீல மருந்தைத் தடவினாள். கொண்டை, மைக்கூட்டில் விழுந்து எழுந்ததுபோல் ஆனது.

* நல்ல மனிதர். எங்கள் வீட்டுக் குழாய் உடைந்தபோது முதலில் ஓடிவந்தவர் அவர்தான். இதைச் சொல்லாவிட்டால் அவரை வில்லன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

4

இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அக்கா ஏன் வந்தாள் என்பதைச் சொல்லும் பத்தி. கதையிலேயே ஆகச் சிறந்தது. அச்சுப்படியை மேசைமேல் வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டாள்.

“என்னக் கோழியாக்கிட்டே.”

“கோழி வேற, நீ வேறக்கா.”

“அப்ப நான் எதுக்கு இதுல? அதுவும் ஏன் வந்தேன்னு... அதுக்குச் சிவப்புல அடிக்கோடு வேற.”

“அதுதான் கதையோட உயிர்.”

“கெளர்றது கோழி வேல. சோறு திங்கிறவன் நீ எதுக்குடா கெளர்றே?”

அக்கா கொல்லைக்குப் போய் நீல மருந்துப் புட்டியை எடுத்துவந்தாள். பஞ்சை நனைத்து, பத்தியின் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை, கொண்டைக்குத் தடவிய அதே பொறுமையோடு தடவினாள்.

[நீலம்]

[நீலம்]

தாள் ஊறி, பின்பக்கத்திலும் இரண்டு வரிகள் போய்விட்டன. மழையைப் பற்றிய வரிகள். நஷ்டமில்லை.

5

காயம் ஆறி, மேனேஜரைக் கூண்டிலிருந்து விடும் நாளுக்கு முன்கூட்டியே இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் எல்லாக் கோழிகளும் ஒன்றாக இரை பொறுக்கின. மற்றதில் அக்கா அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். முதலாவது நாள்காட்டிப் படம்போல் இருந்தது. இரண்டாவதை எழுதி முடித்ததும் எழுந்துபோய், வீட்டிலிருந்த அட்டைப்பெட்டியைப் பரண்மேல் போட்டேன்.

நடந்தது இது. கூண்டைத் திறந்தோம். என் மூன்றில் புள்ளிக்கோழிதான் முதலில் வந்தது. ஒரு கண்ணால் நீலத்தைப் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. புள்ளிக்கோழி குனிந்து மண்ணைக் கிளறத் தொடங்கியது. மேனேஜர் நின்று மேற்பார்வை பார்த்தது.

மதிலுக்கு மேல் தலை எழுந்தது.

“என்னம்மா, இன்னும்...”

“கெளம்பலண்ணே. இங்கதான் இருக்கப்போறேன். நாளைக்கும் கேளுங்க, இதத்தான் சொல்லுவேன்.”

“இல்லம்மா, என்ன விஷயம்னு...”

“கோழிக்கு ஒடம்பு தேவலைண்ணே.”

முடிவு என்று தனியாக ஒன்றை நான் எழுதப்போவதில்லை. நான்காம் பகுதியில் நீலம் காய்ந்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் ஓரிரு எழுத்துகள் தெரியக்கூடும்.

அவர் தலை இறங்கிவிட்டது. உங்கள் தலை இன்னும் மதிலுக்கு மேல் தெரிகிறது.